சேற்றுக்கு எதிரே ஒரு மாடி

பொறாமை எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். 1946ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகல், எல்பின்ஸ்டன் பாலத்தின் கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் அருகே. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் நன்றாக வற்றி, அடையாற்றுச் சேறு தன் முழு அகலத்துக்கும் வெளியே கிடந்தது.

நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். அதுதான் விஷயம். அதற்கு முன் ஐந்து வருஷமாக அந்த இடத்தில் இரண்டு பேர்தான் நிற்பது வழக்கம்.

நான் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளமும் சரித்திரமும் நடத்தினேன். என் தோழி அதே பள்ளியில் விஞ்ஞானம் நடத்தினாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தியாகராய நகரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதாகவும் தெரியவில்லை. 1941 ஜூனில் அவள் பள்ளியில் சேர்ந்தாள். அந்த மழைக்காலம் முடிந்ததும் முதல் தடவையாக அவளைப் பாலத்துக்கு அழைத்துப் போனேன். மறுவருஷம் ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது அவள் ஆற்காட்டுப் பக்கமும் நான் நாகப்பட்டினமும் போனோம். திரும்பி வந்த பிறகு நாங்கள் இருவரும் முதலில் செய்த காரியம், பாலத்துக்குப் போய்ச் சேறு இருக்கிறதா என்று பார்த்ததுதான். இருந்தது. அவள் அதைப் பார்த்து, "இதையும் மூட்டை கட்டிட்டாங்களோன்னு பயந்தேன்" என்றாள்.

இன்று அடையாறு என்றால் வீடும் கடையும் நாற்சந்தியும்தான் பலருக்கு நினைவு வரும். அன்று பாலத்துக்குக் கிழக்கே ஆறு கடலைச் சேரும் முன் சோம்பல் முறிப்பது போல் விரிந்து, திட்டுகளாகவும் ஓடைகளாகவும் பிரிந்து கிடந்தது. ஆற்றில் வரும் நுண்ணிய வண்டல் நல்ல தண்ணீரில் தனித்தனியாக மிதந்து வரும். உப்புத் தண்ணீர் கலக்கும் இடத்தில், பால் திரிவது போல், துகளோடு துகள் ஒட்டிக் கனத்து அடியில் படியும். அப்படிப் படிந்து உயர்ந்த தரை அது. கடல் ஏறும்போது மூழ்கும், வற்றும்போது வெளியே வரும். நாளுக்கு இரண்டு முறை. தேசப்படத்தில் அதற்கு வண்ணம் கிடையாது. நீலம் போட்டாலும் தப்பு, பழுப்புப் போட்டாலும் தப்பு. வகுப்பில் இதைச் சொல்லும்போது பெண்கள், "அப்ப எந்தக் கலர் டீச்சர் போடறது?" என்று கேட்பார்கள். கோடு போடுங்கள் என்பேன்.

அது எப்போது வெளியே வரும் என்று கணக்குப் போடுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. துறைமுகத்தில் கடல் வற்றும் நேரம் பத்திரிகையில் வரும். ஆனால் கழிமுகம் அதே நேரத்தில் வற்றாது. உள்ளே வந்த தண்ணீர் குறுகலான வாய் வழியாக வெளியே போயாக வேண்டும். அதற்கு மேலும் ஒரு மணி நேரமாவது ஆகும். எந்த மாதத்தில் எவ்வளவு தாமதம் என்று தேதி போட்டு வைத்திருந்தேன். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பிற்பகலில் நன்றாக வற்றும் என்பதால் பஞ்சாங்கமும் பார்ப்பேன், மாதா கோயில் காலண்டரும் பார்ப்பேன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் எங்கள் விபூதிப் புதன் எந்த வருஷமும் அமாவாசையைத் தொட்டுக்கொண்டுதான் வரும். ஈஸ்டர் பௌர்ணமியை வைத்துக் கணக்கிடப்படுவதால் அப்படி. இதை நானாகவே கண்டுபிடித்தேன். பிறகு ஒரு புத்தகத்தில் அது அச்சிலேயே இருப்பதைப் பார்த்து ஒரு வாரம் மனம் விட்டுப்போயிற்று.

இதையெல்லாம் கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

அந்த டிசம்பர் சனிக்கிழமை அவள் தன்னோடு ஒருத்தியை அழைத்து வந்தாள். அந்த ஜூனில் சேர்ந்த ஓவிய டீச்சர். சிந்தாதிரிப்பேட்டைக்காரி. அப்பா கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதுகிறவர். பள்ளியில் பெரிய டீச்சர் முன்னால் புத்தகத் தமிழ் பேசுவாள். வாசலைத் தாண்டினதும் பேட்டைத் தமிழ் வந்துவிடும்.

நான் வழக்கம் போல, வண்டல் எப்படிப் படிகிறது, 1943 வெள்ளத்துக்குப் பிறகு வடக்குத் திட்டு எவ்வளவு நீண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓவிய டீச்சர் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக் கீழே பார்த்தபடி இருந்தாள். சேற்றில் ஒற்றைக் கை பெருத்த நண்டுகள் வளையிலிருந்து வந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தன. உள்ளான் பறவைக் கூட்டம் ஒன்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"இன்னா டீச்சர் இது," என்றாள். "யான படுத்துகினு கீற மாதிரி கீது."

என் தோழி சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து.

"அட, ஆமா! அந்த ஓடையெல்லாம் தோல்ல சுருக்கம் மாதிரி. அந்த நண்டு?"

"ஈ மொய்க்குது. அதுக்குச் சொரணையே இல்ல, தூங்குது."

ஐந்து வருஷத்தில் நான் அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்லாதது இல்லை. அது எதைப் போல இருக்கிறது என்று மட்டும் சொன்னதில்லை. எனக்கு அது எதைப் போலவும் இருந்ததில்லை, அதுவாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்ன பிறகு எனக்கும் அங்கே யானைதான் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், ஈரத்தோடு, பக்கவாட்டில் படுத்த யானை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன். அந்த யானையை என்னால் எழுப்பி அனுப்ப முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவர்கள் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் முன் இருக்கையில் அமர்ந்து, பின்னால் நடக்கும் பேச்சை முதுகால் கேட்டுக்கொண்டு வந்தேன். ராயப்பேட்டையில் எந்தக் கடையில் நல்ல தூரிகை கிடைக்கும் என்ற பேச்சு. என் தோழிக்குத் தூரிகையால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. என்னிடம் 'நீ' என்று பேச அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஓவிய டீச்சரிடம் மாட்டுப் பொங்கலுக்குள் 'நீ' வந்துவிட்டது.

வீட்டு விஷயம் வந்தது அந்தப் பொங்கல் முடிந்த வாரத்தில். ஆற்றின் தென்கரையில், தோப்பைத் தாண்டி ஒரு பழைய வீடு. கீழே சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். மாடி மட்டும் வாடகைக்கு. இரண்டு அறை, ஒரு சமையல் இடம், கிழக்கே ஒரு நீண்ட வராந்தா. வராந்தாவில் நின்றால் கீழே சேறு, அப்பால் முகத்துவாரம், அதற்கும் அப்பால் கடல். வாடகை குறைவு, பட்டணம் ஜனத்தால் நிரம்பி வழிந்த அந்த நாளில் அவ்வளவு குறைவாக எங்கும் கிடைக்காது. காரணம், அங்கே யாரும் நிலைப்பதில்லை. "நாத்தமாம்," என்றாள் என் தோழி. "பித்தளையெல்லாம் ஒரே வாரத்துல கறுத்துப்போகுதாம். சேத்துலேர்ந்து வர்ற வாயு. அழுகின முட்டை நாத்தம் இருக்கே, அதே சரக்குதான். எனக்கு லாபரேட்டரியில பழக்கம்."

அண்ணன் வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரே கூடத்தில் குழந்தைகள், டியூஷன் பையன்கள், ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும் அண்ணி. அண்ணன் ஒரு நிபந்தனையோடு சரி என்றார்: தனியாக இருக்கக் கூடாது, பள்ளியிலிருந்தே ஒரு டீச்சர் துணைக்கு வர வேண்டும். ஒரே ஒரு டீச்சர். இரண்டாவது அறையில் ஒரு கட்டிலுக்கு மேல் போட முடியாது.

எனக்கும் சாந்தோமில் என்னைக் கட்டிப்போட ஒன்றும் இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். அவள் இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள், "மார்ச்சுக்குள்ள வீட்டுக்காரருக்குச் சொல்லணும், யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள்.

என்ன யோசனை? இரண்டு பேரில் யார் என்றுதான். அன்றிலிருந்து ஓவிய டீச்சர் ஆசிரியர் அறையில் தண்ணீர் குடித்தாலும் எனக்குத் தெரிந்தது. அவள் தோழியின் மேசையில் உட்காருவது (மேசையில்தான், நாற்காலியில் இல்லை), தோழியின் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுப்பது, விஞ்ஞான அறைக்குத் தவளையின் உள்ளுறுப்புப் படம் வரைந்து கொடுத்தது. படம் நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு முழு மாதம் பிடித்தது.

நான் ஒரு திட்டம் போட்டேன். அந்த வருஷம் சிவராத்திரிக்கு மறுநாளே விபூதிப் புதன் வந்தது. பள்ளியில் காலைப் பூசையோடு சரி, பிற்பகல் விடுமுறை. மறுநாள் அமாவாசை. வருஷத்திலேயே நன்றாக நீர் வற்றும் நாட்களில் ஒன்று. அன்று அவளை வராந்தாவுக்கு நேர் கீழே, கரைக்கே அழைத்துப் போய், தண்ணீர் பின்வாங்கிச் சேறு அங்குலம் அங்குலமாக வெளியே வருவதை முதலிலிருந்து கடைசிவரை காட்ட வேண்டும். எந்த நேரத்தில் எந்தத் திட்டு தலை காட்டும் என்று நான் சொல்லச் சொல்ல அது வெளியே வர வேண்டும். இப்படி ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பள்ளி இன்ஸ்பெக்ஷன் வேலையில் பொங்கலுக்குப் பிறகு நாங்கள் பாலத்துப் பக்கமே போகவில்லை. அது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. கணக்குத்தான் கையில் இருக்கிறதே.

புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் ஓவிய டீச்சரும் நின்றிருந்தாள், தோளில் பையோடு.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் தோழி. "நீ காட்டறதா சொன்னியே, அவளும் பாக்கட்டும்."

என் நெற்றியில் காலைப் பூசையில் சாமியார் இட்ட சாம்பல். தோழியின் நெற்றியில் முந்தின இரவு கபாலீஸ்வரர் கோயிலில் வாங்கிய விபூதி, கண் சிவந்திருந்தது. ஓவிய டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கடையில வாங்கினதா?"

தோழி சிரித்தாள். எனக்கு அன்று ஒருசந்தி. காலையிலிருந்து காப்பி கூட இல்லை. நானும் சிரித்ததாக நினைவு.

நான் கணக்கிட்ட நேரத்துக்குச் சற்று முன்னதாகவே தென்கரையில் இறங்கித் தோப்பைக் கடந்து வந்தோம். சேறு இல்லை.

வெறும் தண்ணீர். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஒரு அலையும் இல்லாமல், ஓட்டமும் இல்லாமல், பச்சை பூத்த தண்ணீர் தளும்ப நின்றது. திட்டுகள் எல்லாம் அடியில். கரையோரத்துத் தென்னைகளின் தூரை நனைத்துக்கொண்டிருந்தது.

முகத்துவாரம் அடைத்திருந்தது. மழை நின்று ஆறு இளைத்த பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கும்; ஏதாவது ஒரு நாளில் முழுசாக அடைத்துவிடும். அது எனக்குத் தெரியாதது அல்ல. முந்திய வருஷங்களில் ஈஸ்டருக்குப் பிறகுதான் அடைத்தது, அதனால் இந்த வருஷமும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டேன். வாய் அடைத்தபின் கழிமுகத்துக்குக் கடல் ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது. துறைமுகத்தின் நேரம், என் தாமதக் கணக்கு, பஞ்சாங்கம், ஈஸ்டர் எல்லாம் அந்தப் பச்சைத் தண்ணீருக்கு முன்னால் வெறும் காகிதம்.

"இன்னா டீச்சர்," என்றாள் ஓவிய டீச்சர், "சேறு இன்னிக்கி லீவு போட்டுச்சா?"

"விபூதிப் புதன்ல, அதுக்கும் பாதி நாள்தான்," என்றாள் தோழி.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் ஒரு உபயோகமும் இல்லை.

முகத்துவாரத்துப் பக்கம் ஆட்கள் கூடியிருப்பது தெரிந்தது. மணலில் நடந்து போனோம். ஊரூர்க் குப்பத்து மீனவ ஆண்கள் மண்வெட்டியோடு மணல் திட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீர் ஏறிக் குடிசைகளின் கொல்லையைத் தொட்டுவிட்டதாம். கடல் நன்றாக வற்றும் நாள் பார்த்து வெட்டினால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் வேகமாக வெளியே போகும். நான் பார்த்து வைத்த அதே நாள், அதே பிற்பகல். அவர்களும் அமாவாசையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"இன்னாம்மா, வேடிக்க பாக்க வந்தீங்களா?" என்றார் ஒருவர். "அப்டி ஓரமா குந்துங்க. பிச்சிகினு போவும், புடவையெல்லாம் பாழாப்பூடும்."

வாய்க்கால் முதலில் ஒரு முழ அகலம்தான் இருந்தது. தண்ணீர் அதில் கால் வைத்ததும் இரண்டு பக்கத்து மணலும் கட்டி கட்டியாக விழ ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் மண்வெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆண்கள் பின்வாங்கிக் கூச்சல் போட்டார்கள். பச்சைத் தண்ணீர் பழுப்பாகிக் கடலுக்குள் பாய்ந்தது. நாங்கள் திரும்பித் தோப்புக் கரைக்கு வருவதற்குள் ஒரு திட்டின் முதுகு வெளியே வந்திருந்தது. பிறகு இன்னொன்று. நான் ஆசைப்பட்டபடியே சேறு வெளியே வந்தது; ஆனால் அதில் என் கணக்குக்கு இடமில்லை, எந்தத் திட்டு அடுத்தது என்று எனக்கும் தெரியவில்லை.

கூடவே நாற்றமும் வந்தது. வாய் திறந்திருக்கும் மாதங்களில் சேற்றுக்கு லேசான ஒரு நெடிதான் இருக்கும். இது வேறு. வாரக்கணக்கில் அடியில் அழுகிய பாசியும் செத்த மீனும் கரிய சேறும் ஒரேயடியாக வெளியே வந்தன. கடற்காற்று அதை அள்ளி எங்கள் முகத்தில் போட்டது.

என் தலைக்குள் ஒரு ஆணி இறங்கியது. சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனேன், உடனே இறக்கிவிட்டேன். இந்த ஒரு நாள், இந்த ஒரு நாள் மட்டும், நான் முகம் சுளிக்கக் கூடாது. ஓவிய டீச்சர் சுளிக்க வேண்டும். நகரத்து மூக்கு, இதோ கர்ச்சீப்பை எடுக்கப்போகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"ஏய், புதைஞ்சுடப்போற!" என்று தோழி கத்தினாள்.

"நல்லாத்தான் கீது! வெண்ணெ மாதிரி!"

"நாத்தம்?"

"நான் கூவத்துக்குப் பக்கத்துல பொறந்தவ, டீச்சர். எங்க தெருவுல வந்து மோந்து பாருங்க, இது மல்லிப்பூ!"

முழங்கால் வரை கரிய சேற்றோடு நின்றுகொண்டே, பையிலிருந்து காகிதத்தை எடுத்து வரைந்தாள். நான் ஐந்து வருஷத்தில் ஒரு தடவையும் அந்தச் சேற்றில் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அப்போது தோன்றியது. இறங்கினால் மயங்கி விழுவேன் என்றும் தோன்றியது. அப்படியே ஒரு தென்னை அடியில் உட்கார்ந்து, வடக்குத் திட்டு 1943க்கு முன் எங்கே முடிந்தது என்று தோழிக்குச் சொல்லத் தொடங்கினேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் படம் வரைகிறவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

அடுத்த வாரம் பள்ளி விட்டு லஸ் டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் சொன்னாள்.

"வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டேன். ஜூன்ல போறோம். நானும் அவளும்."

டிராம் ஒன்று வந்தது. நாங்கள் ஏறவில்லை.

"ஏன்?" என்றேன்.

"உனக்கு அந்த நாத்தம் ஒத்துக்காது."

"யார் சொன்னது? நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்ல மாட்ட. அதுதான் எனக்குப் பயம். அஞ்சு வருஷமா பாக்கறேன். பாலத்துல ஒரு மணி நேரம் நின்னா பஸ்ல வாயத் திறக்க மாட்ட, நெத்தியத் தேய்ச்சுகிட்டே வருவ. மறுநாள் ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாம படுத்துகிடப்பியாம். உங்கப்பாதான் சொன்னார்."

"அது வெயில்ல நிக்கறதால."

"போன புதன்கிழமை மேகமா இருந்துச்சு."

மேகமாகத்தான் இருந்தது. அன்றைய குறிப்பில் நானே அதை எழுதியிருந்தேன்.

"கொஞ்ச நாள் ஆனா பழகிடும்," என்றேன்.

"பழகாது. விஷ வாயு அது, சிலருக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. நீ அந்த ரூம்ல தலையப் புடிச்சுகிட்டுக் கெடந்து, கேட்டா ஒண்ணுமில்லன்னுவ. நான் அதப் பாத்துகிட்டு இருக்கணுமா?" பிறகு குரலை இறக்கி, "அவளுக்கு என்ன, கல்லு. எதுவும் ஏறாது" என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது அது.

அவள் என்மேல் கோபப்பட்டோ, அலுத்தோ, இன்னொருத்தியிடம் மயங்கியோ அப்படிச் செய்திருந்தால் என்னால் ஏதாவது சண்டை போட்டிருக்க முடியும். நான் அவளிடம் ஒருநாளும் சொல்லாததை அவள் ஐந்து வருஷமாகப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை வைத்து எனக்கு நல்லது செய்துவிட்டாள். அடுத்த டிராமில் ஏறிவிட்டேன். அவள் வேறு பக்கம் போக வேண்டியவள். எனக்காகத்தான் அங்கே நின்றிருக்கிறாள் என்று வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

ஜூனில் அவர்கள் குடிபோனார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போவேன். போகாமல் இருக்கத்தான் முதலில் நினைத்தேன். மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். பித்தளைப் பாத்திரங்கள் சொன்னபடியே கறுத்தன. இருவரும் கொல்லையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு, யார் பாத்திரம் அதிகம் கறுத்தது என்று பந்தயம் வைப்பார்கள். ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது வராந்தா முழுக்க அகல் வரிசை. ஓவிய டீச்சர் எனக்கு எப்போதும் காற்று நேரே அடிக்காத பக்கமாக நாற்காலி போடுவாள், சேற்றுக்கு முதுகைக் காட்டி. தோழி சொல்லிக்கொடுத்திருப்பாள். எனக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மரியாதையாக உட்காருவேன்.

இரண்டாவது அறையை ஒரு தடவைதான் எட்டிப் பார்த்தேன். கட்டில், ஒரு பெட்டி, சுவர் முழுக்கச் சேற்றின் படங்கள். பாதிக்கு மேல் யானை.

அந்த ஐப்பசியில் அடைமழை. ஒரு வார மழைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை குடையோடு போனேன். வராந்தாவிலிருந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் கடலைக் கிழித்துக்கொண்டு போனது. வாய் அகலமாகத் திறந்திருந்தது. கோடையில் மறுபடி அடைத்த வாய் அது.

"எப்ப திறந்தது?" என்றேன்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம்," என்றாள் ஓவிய டீச்சர். "நாங்க ரெண்டு பேரும் இங்கதான் நின்னுகினு இருந்தோம். மண்ணு மேல தண்ணி சும்மா ஒரு கோடு மாதிரி போச்சு. அப்பாலிக்கா பாத்தா..." அவள் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் படாரென்று விரித்தாள்.

"சத்தம் கேட்டுது, இங்க வரைக்கும்," என்றாள் தோழி. "என்னமோ வீடே போகுதுன்னு இவ என் கையப் புடிச்சுட்டா."

"யாரு, நானா? நீதான் புடிச்ச."

அத்தனை வருஷமாக நான் முகத்துவாரம் திறந்த தேதிகளைச் சேர்த்திருந்தேன். எல்லாம் கேட்டுச் சேர்த்தவை; பஸ் கண்டக்டரிடம், மீன்காரியிடம், ஒரு தடவை பத்திரிகையில் வந்த ஒரு வரியிலிருந்து. மனுஷர் யாரும் வெட்டாமல் ஆறு தானாகவே உடைத்துப் போவதை ஒரு வருஷமும் நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க அங்கேயே குடியிருக்க வேண்டும்.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மணி பாக்கலியே," என்றாள் தோழி.

"சுமாராச் சொல்லு. விளக்கு ஏத்தினதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"பின்னால," என்றாள் ஓவிய டீச்சர். "நான்தான ஏத்தினேன்? வெளக்க வச்சிட்டு வந்து நின்னேன், அப்பத்தான்."

"நீ அன்னிக்கு விளக்கே ஏத்தல. மழைச்சாரல்ல நெருப்புப் பெட்டி நமுத்துப்போச்சுன்னு திட்டிகிட்டு இருந்த."

"அது வியாழக்கெழம."

"வியாழக்கிழமை நான் ஏத்தினேன்."

"நீ ஏத்தினது புதங்கெழம!"

பள்ளியில் யாருக்காவது தேதியில் தகராறு என்றால் என்னிடம்தான் வருவார்கள். எந்த வருஷம், எந்தக் கிழமை, அன்று மழையா வெயிலா என்று சொல்லி முடித்துவைப்பேன். இங்கே என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. புதனும் வியாழனும் வெள்ளியும் அந்த வீட்டில் யார் விளக்கு ஏற்றினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் விடாமல் சண்டை போட்டார்கள், சிரித்துக்கொண்டே, காப்பி ஆறுவது தெரியாமல். நான் என் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் குடையை எடுத்தேன்.

"இன்னும் மழை விடலியே, இரு," என்றாள் தோழி.

"இருட்டறதுக்குள்ள பாலம் தாண்டணும்," என்றேன்.

மாடிப்படி இறங்கித் தோப்பு வரை வந்தபோதும் மேலே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது செவ்வாய்க்கிழமைக்குப் போயிருந்தார்கள்.